ஜெசிந்தாவின் பிழைச் சிங்களம்

1. முதல் நாள்

சிங்களமே வேண்டாம் என்று கடல் கடந்து வந்த சனத்துக்கு பாரிஸின் லா சப்பல் பகுதியில் சிங்களம் படிப்பித்தவன் நான். இதைவிடப் பெரிய பகிடி வேறில்லை. ஊரில் அரசாங்க உத்தியோகத்துக்காகச் சிங்களச் சோதனை பாஸ் பண்ணியிருந்தேன். இங்கே பலசரக்குக் கடைக் கேஷியர். ஞாயிறு பின்னேரங்களில் ரூ பெர்தொனே தெருவில் ஒரு நகைக்கடை மாடியில் மாஸ்டர்.

முதல் நாள் வந்தவர் மன்னார் ஜெசிந்தா. வயது ஐம்பது. வீடுகளுக்குப் போய் முதியவர்களைப் பராமரிப்பவர். புதிதாக அவருக்குக் கிடைத்தவர் ஒரு சிங்கள அம்மா. பக்கவாதத்துக்குப் பிறகு அந்த அம்மாவுக்குப் பிரெஞ்சு முழுக்க மறந்து, சிங்களம் மட்டும் மிஞ்சியிருந்தது.

“நான் குடுக்கிறதை அவ வாயிலை வைக்கிறா இல்லை மாஸ்டர். மாசம் முடிய முதல் அவ சாப்பிடத் தொடங்காட்டி வேறை ஆளைப் போடுவினமாம். வேலை போனா என்ரை விசாவும் துலைஞ்சுது.”

2. வகுப்பு

‘மம யனவா, எயா யனவா’ என்று பலகையில் எழுதினேன். நான் போனாலும் அவர் போனாலும் பேச்சுச் சிங்களத்தில் அதே யனவாதான். ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை.

“இதென்ன கோதாரி! போறன், போறார், போறா எண்டு ஒரு வித்தியாசமும் இல்லையோ? மரியாதையை எங்கை கொண்டுபோய் ஒட்டுறது?”

“ஒட்டாதேங்கோ. சும்மா விடுங்கோ.”

விடுவாரா? வினைச்சொல் மொட்டையாய் நின்றால் எங்கள் ஆட்களுக்கு யாரையோ அவமதித்த மாதிரி இருக்கும். அடுத்த தலையிடி இன்னவா, தியெனவா. உயிருள்ளது இருந்தால் இன்னவா. சோறு, சட்டி இருந்தால் தியெனவா. தமிழில் பூனையும் இருக்கு, பானையும் இருக்கு. ஜெசிந்தா சோற்றை இன்னவா ஆக்கினார், நோயாளி அம்மாவைத் தியெனவா ஆக்கினார். எனக்குத் தலை விறைத்துவிட்டது. நாலு வசனம் பிழையில்லாமல் வரும்வரை அவரை வீட்டுக்கு விடவில்லை.

அடுத்த ஞாயிறு கண் கலங்க வந்தார். அழுகையா சிரிப்பா என்று பிடிபடவில்லை.

“உங்கடை நாலு வசனத்தையும் அட்சரம் பிசகாமல் சொன்னன். அவ மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டா.”

“பிறகு?”

“பிறகு நானா ஏதோ உளறினன். அவ எழும்பி இருந்து, ‘அப்பிடியில்லை, இப்பிடிச் சொல்லு’ எண்டு திருத்தத் தொடங்கிட்டா. அவ ஊரிலை ரீச்சராம். திருத்திற மும்முரத்திலை அரைக்கோப்பைச் சோறு உள்ளை போட்டுது மாஸ்டர்!”

அன்றிலிருந்து என் வகுப்பு தலைகீழாகியது. சோற்றுக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று என்று இரண்டு பேரும் இருந்து பிழை தயாரித்தோம். உண்மையைச் சொன்னால், ஜெசிந்தாவுக்கு என் உதவி அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

3. விசாரணை

மாத முடிவில், ஜெசிந்தாவை வேலைக்கு வைத்திருந்த நிறுவனத்தின் பொறுப்பாளரான பிரெஞ்சுப் பெண் அந்த வீட்டுக்கு வந்தார். சிங்களமும் பிரெஞ்சும் தெரிந்த கேஷியர் என்று கேள்விப்பட்டு, மொழிபெயர்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார். ஜெசிந்தா செபமாலையைப் பிடித்தபடி குசினி வாசலில் நின்றார்.

“இவர் உங்களோடு ஒழுங்காகச் சிங்களம் பேசுகிறாரா?” பொறுப்பாளர் கேட்டதை அம்மாவிடம் சிங்களத்தில் கேட்டேன்.

“இவளா? ஒரு வசனம் நேராக வராது. சோற்றுக்கு உயிர் கொடுக்கிறாள், என்னைச் சட்டியாக்குகிறாள்!”

இதைப் பிரெஞ்சில் சொன்னதும் ஜெசிந்தாவின் முகம் செத்துப்போனது.

“அப்படியென்றால் வேறு ஆளை அனுப்பட்டுமா?” என்றார் பொறுப்பாளர்.

அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வேறு ஆளா? இவளைக் கலைத்துவிட்டால் பாவம், இவளுக்கு யார் படிப்பிப்பது? நாளைக்கும் இவளையே வரச் சொல்லுங்கள். முதலில் இவளுக்குப் படிப்பித்த மடையன் யாரென்றும் விசாரியுங்கள்.”

படிப்பிக்க வருகிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பிள்ளையின் எல்லாப் பிழையையும் நீங்களே திருத்தி முடித்துவிடாதீர்கள். மொழிபெயர்க்கப் போகிறவர்களுக்கு: ஒரு சொல்லையும் விழுங்காதீர்கள். நான் மடையனையும் சேர்த்தே பிரெஞ்சில் சொன்னேன்.

பொறுப்பாளர் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்து வைத்துவிட்டு, அந்த மாஸ்டர் யார் என்று ஜெசிந்தாவைக் கேட்டார். ஜெசிந்தா என் பக்கம் கையை நீட்டி, ஒரு பிழையும் இல்லாத பிரெஞ்சில், “இவர்தான், மடாம்” என்றார்.