பழைய இடத்தைத் துடைத்த காலை

அந்த ஐப்பசி மழை சொல்லிக்கொள்ளாமல் வந்தது. தறி வைத்து நெய்து விற்ற கோகிலாம்பாளின் நூல் மூட்டைகள் வண்டியிலிருந்து இறங்கித் தெருவில் கிடந்தன. மழைக்குள் அவள் ஓடி வந்தபோது, மூட்டைகளின் மேல் யாரோ பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, முனைகளில் செங்கல் வைத்திருந்தார்கள். எதிரே ஜாபேஸ் தன் கடையில், ஒழுகுகிற ஓட்டுக்கு அடியில், கம்ப்யூட்டருக்குக் குடை பிடித்து உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் விரிப்பை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். "காத்துல பறந்து வந்துருக்கும்க்கா" என்றான்.

"செங்கலுமா தம்பி பறந்துச்சு?"

சிரித்துக்கொண்டே, ஓடு ஒழுகிய இடத்துக்கு வாளியை நகர்த்தினான்.

ஜாபேஸ் பக்கத்துப் பரளச்சி ஊர்க்காரன். மதுரையில் படித்துவிட்டு வந்து அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் கடை போட்டவன். இடி என்றால் அவனுக்கு உயிரே இருக்காது. வானம் உறுமினால் மின்னல் இறங்கிவிடும் என்று, இன்டர்நெட் வருகிற டெலிபோன் வயரை முதலில் கழற்றுவான், பிறகு ஜெபம் பண்ணுவான்.

தொண்ணூற்றொன்பதில் கோகிலாம்பாளின் துண்டு, போர்வைகளை இன்டர்நெட்டில் காட்டும் பக்கத்தை அவன்தான் பார்த்துக்கொண்டான். அது இருந்த சென்னைக் கம்பெனியின் மெஷின் அடிக்கடி படுத்துக்கொண்டதால் மதுரைக் கம்பெனிக்கு மாற்ற முடிவாயிற்று. ஒரு பக்கத்தின் பெயரைக் கேட்டால் அது எந்த மெஷினில் இருக்கிறது என்று வழி சொல்ல நேம் சர்வர் என்று இரண்டு உண்டு. ஒன்று படுத்தாலும் மற்றது சொல்லும். பெயரைப் பதிவு செய்த இடத்தில் சென்னைக்காரர்களின் இரண்டை எடுத்துவிட்டு மதுரைக்காரர்களின் இரண்டைக் கொடுக்க வேண்டும். மதுரையில் எல்லாம் தயாராக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, அவன் ஒழுங்காகத்தான் மாற்றினான்.

ஆனால் பழைய வீட்டைக் கூட்டித் துடைத்து, சாவியைக் கொடுத்த பிறகே புது வீட்டில் பால் காய்ச்சுவது கோகிலாம்பாள் வீட்டு வழக்கம். அவன் மாற்றிய அன்று காலையே நல்ல நேரம் பார்த்து அவளே சென்னைக்குப் போன் போட்டு, அங்கிருந்ததையெல்லாம் அழித்துவிடச் சொல்லிவிட்டாள்.

மத்தியானம் சிங்கப்பூர் வியாபாரி கூப்பிட்டார். "இன்டர்நெட்டில் உங்கள் கடையையே காணோமேம்மா. நாளைக் காலைக்குள் துணியைப் பார்க்காவிட்டால் ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்."

 அந்த ஆர்டரை நம்பித்தான் தறிகள் ஓடின. தறிக்காரர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. தெருவைத் தாண்டி ஓடினாள். ஜாபேஸின் கம்ப்யூட்டரில் பக்கம் பளிச்சென்று தெரிந்தது. விருதுநகரில் கடை வைத்திருந்த கூட்டாளி ஸ்டீபனுக்குப் போன் போட்டான். "ஏலே, இங்க ஒண்ணுமே வரலலே" என்றான் அவன்.

"இங்க இருக்கு, அங்க இல்லையா? என்ன தம்பி, பேய் வேலையா இருக்கு?"

ஜாபேஸின் முகம் வெளுத்தது. "அக்கா, சென்னையில எதுவும் சொன்னீகளா?"

"தொடச்சுவிடச் சொன்னேன்."

"புது வழி எல்லா ஊருக்கும் தெரிய ரெண்டு நாளாகும்க்கா. அதுவரைக்கும் பாதிப்பேரு பழைய வீட்டுக் கதவத்தான் தட்டுவாக. அங்க ஆள் இருக்கணும்ல?"

சென்னைக்குப் போன் போட்டான். "தப்பு என்னோடதுதான் சார். ரெண்டு நாளைக்கு மட்டும் பழையபடி வச்சுக் குடுங்க" என்று கெஞ்சினான். அவர்கள் இறங்கி வந்தார்கள். படங்களை மட்டும் மறுபடி அனுப்பச் சொன்னார்கள். பிளாப்பியில் நகல் இருந்தது. அனுப்பத் தொடங்கினான்.

அப்போது வானம் உறுமியது.

அவன் கை தானாக டெலிபோன் வயருக்குப் போனது. கோகிலாம்பாள் அந்தக் கையையே பார்த்தாள். கழற்றினால் படம் போகாது, தறி நிற்கும். கழற்றாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"தம்பி, போனாப் போகுது, எடுத்துரு."

அவன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். "கர்த்தாவே, கர்த்தாவே" என்று உதடு முணுமுணுத்தது.  லைன் அறுந்தது, மறுபடி போட்டான். மறுபடி அறுந்தது, மறுபடி போட்டான். ஒவ்வோர் இடிக்கும் கண்ணை மூடினானே ஒழிய எழுந்திருக்கவில்லை. அவள் அம்மனைக் கூப்பிட்டாள். இரண்டு பேர் வேண்டுதலும் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கும்.

பொழுது சாய ஸ்டீபன் கூப்பிட்டான். "வந்துருச்சுலே!" கொஞ்ச நேரத்தில் சிங்கப்பூர்க்காரரும் பார்த்துவிட்டு, துணியை நெய்யச் சொல்லிவிட்டார். ஜாபேஸ் அதன் பிறகுதான் வயரைக் கழற்றினான். கழற்றியதும் அழுதுவிட்டான்.

மறுவருஷம் அவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் கோகிலாம்பாள் சேவுப் பொட்டலத்தை அவன் கையில் திணித்தாள். அவன் தன் கடைச் சாவியை அவளிடம் கொடுத்தான். பஸ் நகர்ந்ததும் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்:

"நான் அங்க போய் உக்காந்துட்டேன்னு போன் வர்ற வரைக்கும், சாவிய கட்டட ஓனர்ட்டக் குடுத்துறாதீகக்கா!"