ஏழாம் வரிசை, பத்தொன்பதாவது மரம்

யூரல் மலையின் தென்பக்கத்துப் பழப்பண்ணையில் அக்லயா யெகோரவ்னா இருபத்திரண்டு வருஷம் பேரிக்காயோடு மல்லுக்கட்டினாள். அங்கத்திக் குளிரைத் தாங்குவது காட்டுப்பேரி ஒன்றுதான். பழம் கோலிகுண்டு அளவு, கடித்தால் வாய் கோணிப்போகும். தெற்கத்திப் பேரியோ கை கொள்ளாது, அவ்வளவு இனிப்பு. ஆனால் ஒரு குளிர்காலம் தாண்டாது. இரண்டு குணமும் ஒரே மரத்தில் சேரட்டும் என்று, தபாலில் வந்த தெற்கத்தி மகரந்தத்தைக் காட்டுப்பேரிப் பூக்களில் ஒவ்வொன்றாகத் தொட்டுவைத்து, அறுநூறு கன்றுகளை வளர்த்தாள். பத்து வருஷம் காத்திருந்து பார்த்தால் எல்லாம் புளிப்பு. ஏழாம் வரிசையில் பத்தொன்பதாவது மட்டும் 1978 செப்டம்பரில் அறுபது பழம் கொடுத்தது, அத்தனையும் தேன்.

அவள் கணவன் தெரேந்தி அதே பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிறவன். மரத்தடியிலேயே நின்று மூன்று பழம் தின்றான்.

“ஏன் இப்படி மொறைக்கிற? நல்லா இருக்குன்னுதானே திங்கிறேன்.”

“எடை போடறதுக்கு முன்னாடியே தின்னா மொறைக்காம என்ன செய்ய?”

அந்த டிசம்பரில், வேரை மூடிக் காக்கும் பனி விழுவதற்கு முன்பே குளிர் வந்துவிட்டது. சுழியத்துக்குக் கீழே நாற்பத்தேழு டிகிரி. அந்த மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய நாற்றுகள் வேரோடு செத்தன. ஏப்ரலில் தோட்டம் முழுக்கக் கறுத்து நின்றது. பத்தொன்பதின் பட்டைக்கடியில் மட்டும் லேசாகப் பச்சை தெரிந்தது.

“ஜூன் வரைக்கும் பொறுங்க, கொனோன் இலிச்,” என்று பண்ணைத் தலைவரிடம் கெஞ்சினாள்.

“மரத்தையெல்லாம் பிடுங்கிட்டு உருளைக்கிழங்கு போடச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்தாச்சு. வேணும்னா நகரத்துல போய்க் கேளுங்க.”

போனாள். மூன்று நாள் அலுவலகம் அலுவலகமாக உட்கார்ந்திருந்து, ஜூன் முடியும்வரை கைவைக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வந்து இறங்கியபோது வரப்போரம் மரங்கள் குவிந்து கிடந்தன. டிராக்டர் பக்கத்தில் தெரேந்தி நின்றான்.

“நீயா?”

“தலைவர் சொன்னாரு. கத்தியால கீறிப் பார்த்துட்டுத்தான் இழுத்தேன், அக்லயா. எல்லாம் செத்துக் கிடந்துச்சு.”

“பத்தொன்பதையும் கீறினியா?”

அவன் டிராக்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் கைப்பையிலிருந்த காகிதத்தை எடுக்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்துக் குவியலில் ஒரு மரம் இலை விட்டது. அதில் கட்டியிருந்த எண் போட்ட தகர வில்லையைத் திருப்பிப் பார்த்தாள். பத்தொன்பது. தெரேந்தி ஓடிவந்து குழி தோண்டி, அறுந்த வேரோடு அதை நட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தான். அவள் முப்பது குச்சி வெட்டி ஒட்டுக்கட்டினாள். ஜூலைக்குள் மரமும் ஒட்டுமாக எல்லாம் காய்ந்தது.

ஐம்பத்து மூன்று வயதில் மறுபடி மகரந்தம் வரவழைத்தாள். தெரேந்தி டிராக்டரை விட்டுவிட்டுக் கொதிகலன் அறைக்கு வேலை மாறிக்கொண்டான். வீட்டில் சண்டை எதுவும் இல்லை. சூப் ஊற்றுவாள், குடிப்பான்.

“என்மேல கோபமா?” என்று ஒரு நாள் கேட்டான்.

“இல்ல.”

“பின்ன ஏன் பேசமாட்டேங்கிற?”

“பேச என்ன இருக்கு, தெரேந்தி.”

1986 மார்ச்சில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். எதையாவது பேசியிருக்கலாம் என்று அடக்கம் முடிந்து திரும்பும் வழியில்தான் அவளுக்குத் தோன்றியது. நடக்க முடியாமல் பனியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.

மூன்று வருஷம் கழித்துப் புதுக்கன்றுகள் காய்த்தன. அதில் ஒன்று குளிரையும் தாங்கியது, நன்றாகவும் இனித்தது. என்ன பெயர் வைக்கலாம் என்று பண்ணையில் கேட்டார்கள்.

“நீங்களே வெச்சுக்கோங்க,” என்று சொல்லிவிட்டு வாளி கழுவப் போனாள்.