ஒரே சிடியில் ஆறுமுகன்

நான் பிழைக்க வந்த வடக்கத்தி ஊரான கசார்வாடியில் வீடியோவைச் சிடியில் ஏற்றித் தருபவர் அவர். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் கம்ப்யூட்டர் பெட்டியை அடிக்கடி தொட்டுப் பார்ப்பார். இங்குள்ள எங்கள் முருகன் கோயில் கும்பாபிஷேகம் முழுவதும் ஒரே சிடியில் வேண்டும் என்றேன். ஊரில் படுக்கையில் கிடக்கும் என் அக்காவால் எழுந்து சிடி மாற்ற முடியாது.

“படம் பெருசா வேணுமா, தெளிவா வேணுமா அண்ணே? ரெண்டும் ஒண்ணுல அடங்காது.”

“சாமி பெருசாத்தான் இருக்கணும்.”

போட்டுக் காட்டினார். முருகன் முகம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது.

“அரே, ஆறுமுகம் அறுநூறு முகமாயிட்டாரே!” என்றார்.

சிரிப்பை அடக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர் படத்தைச் சுருக்கினார். நடுவில் உள்ளங்கையளவு முருகன், இமை வரை தெளிவாக, சுற்றிலும் கறுப்பு. என் முகம் வாடியது.

“கர்ப்பகிரகம் இருட்டாத்தானே அண்ணே இருக்கும்?”

“சன்னதியில நின்னாப்ல இருந்துச்சுடா” என்றாள் அக்கா, சிடியைப் பார்த்துவிட்டுப் போனில். அந்தச் சிடிக்காரர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.