மூச்சுக்குக் கட்டிய பேட்டரி

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது, இனி வீட்டிலேயே ஆக்ஸிஜன் மிஷின் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னபோது நான் அழுதேன். அந்த மனுஷனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். வாசலுக்கு வந்ததும் கையை நீட்டினார். "ஏளா, இனிமே என்னய இங்க கூட்டிட்டு வரக் கூடாது. என்ன ஆனாலும் நம்ம வீட்டுலதான். சத்தியம் பண்ணு." பண்ணினேன். வேறென்ன செய்ய?

மிஷின் கரண்டில் ஓடுவது. தாராவியில் எங்கள் கல்லியில், அந்த ஒடுக்கச் சந்தில், மற்ற நாளில் கரண்டுக்குக் குறைவில்லை. மழைக்காலம்தான் எமன். முன்பு ஒரு தடவை தண்ணீருக்குள் நின்று இரும்பு ஏணியைத் தொட்ட ஒருத்தி ஷாக்கடித்துச் செத்துப்போனாள். அன்றிலிருந்து ஒரு கட்டு: வாசல்படியில் தண்ணீர் ஏறினால் எல்லா வீட்டுக்கும் சேர்த்து மெயினை இறக்கிவிடுவார்கள். தண்ணீர் வடிந்தால்தான் மறுபடி கரண்டு. அதில் யாருக்கும் விலக்குக் கிடையாது, கேட்கவும் கூடாது. சிலிண்டர் வைக்கலாம்தான், முழங்கால் தண்ணீரில் அதை உருட்டிக்கொண்டு வர ஆள் வேண்டுமே.

"கடையில ஒரு பேட்டரி வாங்குவோமே" என்றேன்.

"பேட்டரி ஒடச்சே சோறு தின்னவன், கடையில போயி பேட்டரி வாங்கவா? ஊரு சிரிக்கும்ளா."

பழைய லேப்டாப்புகளை உடைத்துப் பிரிக்கும் பங்கார் கடையில்தான் அவரும் என் கொழுந்தனும் வருஷக்கணக்காக வேலை பார்த்தார்கள். அவர் நெஞ்சைக் கெடுத்ததே அங்கே எரிந்த பிளாஸ்டிக் புகைதான். இப்போது அந்தக் கடைச் சாமானையே கொழுந்தன் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டான். லேப்டாப் பேட்டரி செத்துவிட்டது என்று எறிந்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் ஆறு செல்லில் இரண்டுதான் செத்திருக்கும், மற்ற நாலும் நன்றாகத்தான் இருக்கும். பிளாஸ்டிக் கூட்டை நெம்பிப் பிளப்பது என் வேலை. மூக்கில் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்து சார்ஜ் ஏற்றுவது அவர் வேலை. சார்ஜ் ஏறும்போது ஒவ்வொரு செல்லாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சூடு தெரிந்தால் குப்பைக்கு. காய்ச்சல்கார பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது போல அத்தனை பதமாக வைப்பார். என்னை ஒரு நாளாவது அப்படித் தொட்டுப் பார்த்ததுண்டா என்று கேட்டால், "நீ எப்பவும் சூடாத்தான இருக்க" என்பார். சிரித்தால் மூச்சு வாங்கும். அதனால் சிரிக்க வைத்ததற்கும் நானே திட்டுவேன்.

எல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. ஏற்றிய செல்லை உடனே இணைக்கக் கூடாதாம். சில வாரம் தொடாமல் வைத்து, பிறகு மீட்டரில் பார்க்க வேண்டுமாம். தானாகச் சார்ஜ் இறங்கிய செல் உள்ளுக்குள் கெட்டது. அதையும் சேர்த்துக் கட்டினால் என்றைக்காவது தீப்பிடிக்கும். அந்தத் தீ தண்ணீர் ஊற்றினால் அடங்காது.

"பொறுத்தார் பூமி ஆள்வார்ளா."

"பூமி யாருக்கு வேணும்? நீங்க மூச்சு விட்டாப் போதும் எனக்கு. மழ வாசல்ல நிக்கி, நீங்க செல்லுக்கு நாள் பாத்துக்கிட்டு இருக்கிய!"

எங்கள் மாடியில் ஒரு மராத்திக் குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகள். இறங்க ஒரே ஏணிதான், அது எங்கள் வாசலுக்கு நேரே. அவர் கையை மேலே காட்டினார். "அதுவ எறங்க வேண்டாமா?" அதற்கு மேல் நான் என்ன பேச? ஆனாலும் பேசினேன். பாத்திரத்தையும் உருட்டினேன்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. செல்கள் அரிசி டப்பாக்களில் சும்மா கிடந்தன. முதல் நாள் மழையிலேயே தண்ணீர் வீட்டு வாசலைத் தொட்டுப் போனது. மேலிருந்து அந்தப் பெண், "பாபி, மெயின் பந்த் கர்னா படேகா" என்று, மெயினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று, அழாத குறையாகச் சொன்னாள். நான் கொழுந்தனிடம், இருக்கிறதை இணைத்துவிடு, நடப்பது நடக்கட்டும் என்றேன். அவன் அண்ணனைப் பார்த்தான். அவர் குழாயைச் சரிசெய்துகொண்டு, "ஆட்டோ கூப்பிடுலே" என்றார். ஆஸ்பத்திரிக்குத்தான். என்னிடம் சத்தியம் வாங்கிய மனுஷன், தானே கிளம்பிவிட்டார். செல்லும் பிழைக்கட்டும், மாடிப் பிள்ளைகளும் பிழைக்கட்டும் என்று. ஆட்டோவில் நான் அவரோடு பேசவே இல்லை, அத்தனை கோபம்.

செல்லுக்கு வைத்த கெடு முடிந்ததும் தினமும் சாயங்காலம் போனில் வேலை நடந்தது. மாஸ்க் போட்டிருந்ததால் அவரால் பேச முடியாது. நான் ஒவ்வொரு செல்லாக மீட்டரில் வைத்து நம்பரைச் சொல்லுவேன். நல்லதென்றால் "ம்" என்பார். கெட்டதென்றால் உச்சுக்கொட்டுவார். நர்ஸ் அதட்டுவது கேட்கும். நல்ல செல்லாகவே வரும்போது அந்த "ம்"மில் ஒரு தெம்பு ஏறும். கொழுந்தன் ஒவ்வொரு செல்லுக்கும் மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தான். ஒன்று கெட்டாலும் அந்தக் கம்பி மட்டும் எரிந்து அறுந்துபோகுமாம். எல்லாம் கட்டி முடித்து, ஆக்ஸிஜன் மிஷினைப் பேட்டரியில் ஓடவிட்டு, போனை மிஷின் பக்கத்தில் பிடித்தேன். புஸ் புஸ் என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மாஸ்க்கை விலக்கிவிட்டு, "வந்து கூட்டிட்டுப் போ" என்றார்.

டாக்டரும் சரியென்றார், இரண்டு நாள் கழித்து அனுப்பலாம் என்று. அந்த இரண்டு நாள்தான் அவருக்கு இல்லாமல் போனது. விடிகாலையில் போன் வந்தது. நான் போனபோது அந்த வார்டில் எல்லா விளக்கும் எரிந்தது, எல்லா மிஷினும் ஓடியது. கரண்டுக்கு அங்கே என்ன குறை? நாசமாய்ப் போன கரண்டு!

மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வள்ளியூரில் கட்டிக்கொடுத்திருக்கும் எங்கள் ஒரே மகள் வந்து முகம் பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் போய் ஃபிளைட் பிடித்திருந்தாள். அதுவரைக்கும் ஐஸ் பெட்டி எடுத்து வைத்தோம். வைத்த கொஞ்ச நேரத்தில் தண்ணீர் படியேறியது. மாடிவீட்டுக்காரன் மெயினில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றான். இறக்கவும் மனசில்லை, விடவும் பயம்.

"எறக்குப்பா" என்றேன்.

பெட்டியின் சத்தம் நின்றது. கொழுந்தன் மெதுவாக, "மைனி, பேட்டரி இருக்குல்லா" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. "அது அவிய மூச்சு விடக் கட்டுனதுலே! பொணப்பெட்டிக்கா கட்டுனாவ?" என்று கத்தினேன். வெளியே மழை விடவில்லை. மகள் இன்னும் வரவில்லை. அவள் எப்படிப்பட்ட முகத்தைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். "மாட்டு" என்றேன்.

அவள் இருட்டுகிற நேரத்தில், இடுப்பு வரை நனைந்து வந்து சேர்ந்தாள். கண்ணாடி மேல் விழுந்து அழுதாள். அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டாள். "யம்மா, கரண்டு இல்லன்னு சொன்னாவ. இது எப்படிம்மா ஓடுது?"

"ஒங்க அப்பா கட்டுன பேட்டரி மக்கா. வீட்டுல இருக்கணும்னு கட்டுனாவ."

முகம் பார்த்தாயிற்று, நேரமாகிறது, எடுத்துவிடலாம் என்றார்கள் வந்தவர்கள். மகள் பெட்டியை விட்டு எழவில்லை. "அது ஓடுத வரைக்கும் அப்பா இங்கயே இருக்கட்டும்" என்றாள். வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார்கள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியில் கையை வைத்துக்கொண்டேன். உள்ளங்கையில் மோட்டார் அதிர்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனசு கெஞ்சியது. பிறகு அது நின்றது.

"அவ்வளவுதான் மக்கா" என்றேன். பெட்டியைத் திறந்தார்கள்.