படகு நீலத்தில் ஒரு ஜப்பான் கிதார்

1. தலையில் பெயர் இல்லை

எழுபதுகளின் கடைசியில் மதகடிப்பட்டில், காசிம் பாயின் ரேடியோ கடையில் ரிப்பேர் வேலை பார்த்தேன். மாசி மகத்துக்கு முந்தைய வாரம் ஒரு நாள், பனித்திட்டுக் கதிர்வேல் எலெக்ட்ரிக் கிதாரோடு வந்து நின்றார். மீன்பிடிப்பது அவர் தொழில். கப்பலில் வேலை பார்த்த மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கிதார் அது.

வில்லியனூரில் இசைக்குழு நடத்திய லூர்து மாஸ்டருக்கு மகக் கச்சேரிக்குக் கிதார் வாசிக்க ஆள் வேண்டியிருந்தது. கதிர்வேலின் கிதாரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பார்த்தாராம், சத்தமே இல்லை. எவனோ உள்ளூரில் செய்த பலகை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தலை முதல் அடி வரை படகு நீலம். கம்பெனிப் பெயர் இருக்கவேண்டிய இடத்திலும் நீலம்தான்.

"இன்னாப்பா இது, மீன் புடிக்கவா?" என்றார் பாய்.

"பொங்கலுக்குப் படகுக்கு அடிச்சோம் பாய். பெயிண்டு மிச்சமாச்சு. நான் கடலுக்குப் போயிருந்த நேரம் அப்பா இதுக்கும் அடிச்சுட்டாரு. உப்புக்காத்துக்கு நல்லதுன்னு."

வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. அதனால் சத்தம் போனதே கதிர்வேலுக்குத் தெரியவில்லை.

2. தகடும் பிக்கப்பும்

அக்காலத்து ஜப்பான் கிதார்களில் தலையில் உள்ள பெயரை நம்பக்கூடாது. ஒரே ஃபேக்டரியிலிருந்து பல பெயர்களில் வரும். நான் பின்பக்கம் திருப்பினேன். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் நாலு ஸ்குரூ போட்ட தகடு. டர்பென்டைன் துணியால் துடைத்தேன். 'மேட் இன் ஜப்பான்' எழுத்துகள் வெளியே வந்தன.

"தகட்ட எதுல வேணா மாட்டலாம்டா" என்றார் பாய். நியாயம்தான். கம்பிகளுக்கு அடியில் இருந்து அதிர்வைக் கரண்டாக மாற்றுவது பிக்கப். அதன் மூடியைத் துடைத்தேன். ஓட்டைகளுக்குள்ளே தங்க நிற ஃபாயில் மின்னியது. அந்த மாதிரி பிக்கப்பை நம் பக்கம் யாரும் செய்ததில்லை.

அடுத்தது சத்தம். ஆம்ப்ளிஃபயர் ஒயரைச் செருகும் ஜாக்கில் மீட்டர் வைத்தால் முள் அசையவில்லை. பிக்கப்புக்குள் இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், அறுந்திருந்தால் கச்சேரி போச்சு. கதிர்வேல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்க பிளேட்டைக் கழற்றி, மீட்டரைப் பிக்கப் ஒயரிலேயே நேராக வைத்தேன். முள் ஏறியது. இரண்டாவது பிக்கப்பிலும் ஏறியது.

காயிலில் பழுதில்லை. ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஒரு சுவிட்ச். இரண்டும் ஆஃபில் இருந்தபோது பெயிண்ட் அடித்ததால் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன.

பாய் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "உங்கப்பா மீனு மட்டும் புடிக்கல கதிரு, சத்தத்தயும் புடிச்சு வச்சிருக்காரு."

3. மாஸ்டர் வந்தார்

சுவிட்சுகளைச் சுத்தம் செய்து, லூர்து மாஸ்டருக்குச் சொல்லி அனுப்பினோம். கடை ஆம்ப்ளிஃபயரில் கதிர்வேல் வாசித்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். மாஸ்டர் தகட்டைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக் கேட்டார்.

"மகத்துக்கு வந்துடு. பெயிண்ட சொரண்டாத, தூரத்துலேர்ந்தே தெரியும்" என்றார்.

அன்றிலிருந்து எந்தக் கிதார் வந்தாலும் முதலில் சுவிட்சைத் தட்டிப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் எந்த ஊர்க் கிதார் என்ற ஆராய்ச்சி.