சுகமென்று சொன்னோம்

முழங்காலுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வீடு திரும்புவதற்குள் கைத்தொலைபேசியில் கேள்வி வந்துவிடுகிறது. எங்கள் சேவை திருப்தியா? கீழே ஐந்து முகங்கள், அழுகிறதிலிருந்து இளிக்கிறது வரை. நான் பதில் போடுவதில்லை. மனைவி கேட்டால் பஞ்சி, விரல் அசைக்கச் சோம்பல் என்பேன். உண்மைக் காரணம் எண்பதுகளில், ஜெர்மனியின் கொலோன் நகரில் கிடக்கிறது.

எங்கள் அகதி விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கொரிய அம்மா வைத்தியம் பார்த்தார். மயிரிழை மாதிரி ஊசிகளை உடம்பில் குத்தி விடுவார். காய்ந்த மூலிகையை உருட்டிக் கொளுத்தி முதுகுக்குச் சூடு காட்டுவார். அந்தப் புகை சேட்டில் ஏறினால் இரண்டு முறை தோய்த்தாலும் போகாது, எனக்கென்னவோ பிடித்திருந்தது. எங்களிடம் காசு வாங்கமாட்டார். போனதும் கதிரையில் இருத்தி, சுடச்சுடப் பார்லித் தேநீர் தருவார். அலுவலகங்களில் எங்களை நிற்கவைத்தே பேசிய காலம் அது.

என் அறையில் இருந்த சிவபாலண்ணைக்குத் தீராத நாரிநோ, இடுப்பை நிமிர்த்தவிடாத வலி. நான்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். நாலு மாதம் ஜெர்மன் படித்துவிட்டுப் பெரிய நடப்போடு திரிந்தேன்.

அந்த அம்மா மூன்று விரலால் நாடி பிடித்தபடி ஒவ்வொரு முறையும் கேட்பார். போன முறையைவிடச் சுகமா? இல்லையென்றால் மறைக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், எல்லா நோவுக்கும் ஊசி சரிவராது.

அண்ணை என்னைப் பார்ப்பார். "சுகமெண்டு சொல்லும் தம்பி. காசும் வாங்காமப் பாக்கிற மனிசி, மனம் நோகப்படாது."

காலையில் அவரால் குனிய ஏலாது. சப்பாத்து நாடாவை நான்தான் கட்டிவிடுவேன். ஆனாலும் சுகம் என்றேன். "மிகவும்" என்று சேர்த்தது என் சொந்தக் கைங்கரியம். நன்றிகெட்ட சனம் என்று எங்களை ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது, பாருங்கள்.

ஒருநாள் வெளியே வந்ததும் கேட்டேன், "ஏன் அண்ணை பொய் சொல்லுறியள்?"

"இஞ்ச வந்த நாள் தொட்டு வேற ஆரும் என்னை அன்பாத் தொட்டதில்லைத் தம்பி. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப்போட்டா இதுவும் இல்லை."

அடுத்த முறையும் சுகம் என்றே சொன்னேன்.

மாசியில் அண்ணை விடுதிக் குசினியில் சோறு வடிக்கையில் விழுந்தார். முள்ளந்தண்டில் கட்டி. சில மாதம் முந்திக் கொண்டுவந்திருந்தால் ஏதும் செய்திருக்கலாம் என்றார் டொக்டர். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருக்க, அண்ணை சித்திரை பிறக்கமுன் போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு அந்த அம்மா வந்தார். "சுகம் என்றுதானே என்னிடம் சொன்னார்?" என்று கேட்டார்.

"அவர் சொன்னதைத்தான் மொழிபெயர்த்தேன்" என்றேன். சப்பாத்து நாடாக் கதையை நான் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அந்த அம்மா எல்லாப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டு போனார். கோடை வருமுன் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்.

அந்த விடுதியை எப்போதோ இடித்துவிட்டார்கள். வைத்தியம் பார்த்த அறையில் இன்று கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். அந்த அம்மா எங்கே போனார், இருக்கிறாரா என்று ஒருவருக்கும் தெரியாது. பலகையைக் கழற்றிய பிறகும் ஒரு வருடம் அதே வீட்டின் மேல்மாடியில்தான் குடியிருந்தார். பிழை உங்களுடையதல்ல என்று சொல்ல எனக்கு முழுதாக ஒரு வருடம் இருந்தது. நான் அந்தத் தெருவால் போகாமல் சுற்றிப் போனேன்.