வெயில் என்று சொல்லாத தென்சா அம்மாள்

வாயில் மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தை எடுத்து, இரண்டு விரலால் உருட்டி, குவாதலூப்பே மாதாவின் சின்னப் படத்துக்குப் பின்னால் வைத்து அழுத்துகிறார் தென்சா அம்மாள். "தாயே, எச்சின்னு கோவிச்சுக்காதே, எல்லாம் பொழப்புக்காகத்தான்" என்று முணுமுணுத்தபடி, வேனில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வெளிவெப்பத்தைக் காட்டும் எண்ணின் மேல் படத்தை ஒட்டுகிறார். எண் மறைந்தது. இனி விருந்தாளி ஏறலாம்.

அமெரிக்க எல்லையை ஒட்டிக் கிடக்கும் மெக்சிகோ ஊரான மெஹிகாலியில் ஆகஸ்ட் மாதம் அந்த எண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு எந்தத் தொழிலதிபரையும் கூட்டிப்போக முடியாது. முதல் சிக்னலிலேயே கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடுவார்.

தென்சா அம்மாளின் வேலை ஊரை விற்பது. நிலத்தை அல்ல, ஊரையே. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களை வேனில் ஏற்றி, எல்லைக் கம்பிவேலி, லாரிகள் எல்லை தாண்டும் வாசல், தொழிற்பேட்டை என்று சுற்றிக் காட்டி, 'இங்கே ஒரு ஆலை போட்டால் என்ன' என்ற ஆசையை அவர்கள் மனதில் ஊன்றிவிட்டு ஹோட்டலில் இறக்கிவிட வேண்டும். தொழில் வளர்ச்சி அலுவலகத்தில் பதவிப் பெயர் வெறும் ஓட்டுநர்தான். ஆனால் இந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டியதாகச் சரித்திரமே கிடையாது. குட்டை உருவம், ஸ்டியரிங்குக்கு மேல் எட்டிப் பார்க்க இருக்கையில் ஒரு தலையணை, பெரிய கறுப்புக் கண்ணாடி, ஆரஞ்சு நிற உதட்டுச்சாயம். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு பேச ஆளில்லாத வீட்டில் இருக்கப் பிடிக்காமல், விடிவதற்கு முன்பே வேனைக் கழுவ வந்துவிடுவார்.

"வேலியை முறைச்சுப் பாக்காதீங்க சென்யோர். அது எங்க வீட்டுப் பசுமாடு, ரெண்டு பக்கமும் நின்னு கறக்கலாம்" என்றுதான் ஆரம்பிப்பார். "அந்தப் பக்கத்துச் சாமான், இந்தப் பக்கத்துக் கை. உதிரியா வர்றது பொருளா திரும்பிப் போகும். கப்பல் கிடையாது, கடல் கிடையாது, கடல்ல மூழ்குற பயமும் கிடையாது. உங்க எஞ்சினியர் அந்த நாட்டுல தூங்கி இந்த நாட்டுல வேலை பாக்கலாம். பொண்டாட்டி சண்டை போட்டா இங்கயே தூங்கிக்கலாம்."

சந்தேகப் பேர்வழிகளுக்கு அடுத்த அம்பு தயாராக இருக்கும். "கலிபோர்னியாக்காரன் பல்லு புடுங்கவே வேலி தாண்டி எங்ககிட்ட வர்றான். பல்லையே நம்பிக் குடுக்குறவன் தொழிலைக் குடுக்க மாட்டானா?" தானே பாலும் பாலாடைக்கட்டியும் வாங்க அந்தப் பக்கம் போகிறவர் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

லாரி வாசலைக் காட்டுவதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. அங்கே வரிசையில் நிற்கும் வண்டிகளுக்குப் பொரித்த பன்றித்தோல் விற்கும் அக்காள் மகன் கீக்கோ, வரிசை நகரும் நேரம் பார்த்துப் போன் செய்வான். அதுவரை அம்மாளுக்கு வழி மறந்துபோகும், பெட்ரோல் போட வேண்டியிருக்கும், பாலைவனத்தின் அழகைப் பற்றிப் பேச்சு நீளும். போன் வந்ததும் வேன் பறக்கும். விருந்தாளி பார்க்கும்போது லாரிகள் வழுக்கிக்கொண்டு எல்லையைத் தாண்டும். "பாருங்க, எந்நேரமும் இப்படித்தான்" என்பார், முகத்தில் சலனமே இல்லாமல்.

வெயில் விஷயம்தான் பெரிய கலை. அந்தச் சொல்லையே அவர் சொல்ல மாட்டார். "எங்க ஊர்ல வெளிச்சம் கொஞ்சம் ஜாஸ்தி" என்பார். குளிர்காலத்தில் வரச்சொல்லிக் கெஞ்சுவார். முடியாதென்றால் வேனைக் கிட்டங்கிக்குள்ளேயே ஓட்டிப் போய் நிறுத்துவார். சாப்பாட்டுக்குச் சீன உணவகத்தின் பின்வாசலில், சமையற்கட்டுக் கதவை ஒட்டி நிறுத்துவார். நாள் முழுக்கச் சுற்றியும் மெஹிகாலிச் சூரியனை ஒருமுறைகூடச் சந்திக்காமல் ஊர் திரும்பிய ஜப்பானியர்கள் உண்டு.

இந்த ஆகஸ்டில் வேனுக்கே ஆபத்து வந்தது. புதிய இயக்குநர் இவான், அம்மாளின் மகன் வயதுதான், கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிவிட்டான்.

"தென்சா அம்மா, கடைசியா வந்த மூணு பேரும் கடலோரத் திஹுவானாவுக்குப் போயிட்டாங்க. இப்போ கனடாவுலேர்ந்து லிண்ட்ஹோம்னு ஒருத்தர் வர்றார். இவரும் போயிட்டா வேனை வித்துடுறேன். அப்புறம் ஆபீஸ்லயே திரையில படம் போட்டுக் காட்டிக்கலாம்."

"படமா? படத்துக்குப் பசிச்சவனுக்குச் சோறு வாங்கிக் குடுக்கத் தெரியுமா மகனே?"

"படம் பொய் சொல்லாது."

அது சுருக்கென்று தைத்துவிட்டது. அன்று இரவு அம்மாளுக்குத் தூக்கமே வரவில்லை. வேன் போனால் அந்த வீடும் தானும்தான் என்று நினைக்கவே பயமாக இருந்தது. "என்ன தொழிலாம் அந்த ஆளுக்கு?" என்று கேட்டிருந்தார். மரச்சாமான் என்பதற்கு மேல் இவானுக்கும் தெரியவில்லை. இடம் பார்க்க வருகிறவர்கள் இப்படித்தான், முடிவாகும்வரை எதையும் சொல்ல மாட்டார்கள்.

லிண்ட்ஹோம் ஒட்டடைக்குச்சி மாதிரி ஓர் ஆள். சிரிப்பு என்பதை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பசுமாட்டுக்கும் அசையவில்லை, பல்லுக்கும் அசையவில்லை. லாரி வாசலைப் பார்த்து, "திஹுவானாவிலும் இது இருக்கிறது" என்றார். வறுத்த மஞ்சள் மிளகாயோடு சீனச் சாப்பாடு வந்தபோது, "மெக்சிகோவில் எதற்குச் சீனச் சாப்பாடு?" என்றார்.

"சீனாவுக்குப் போய் ஆலை போட்டா சரக்கு கப்பல்ல ஊர்ந்து ஊர்ந்து வரும் சென்யோர். இங்கே சீனாவே மேசைக்கு வந்துடுது, அதுவும் சூடா."

அந்த 'சூடு' வாயிலிருந்து விழுந்ததும் அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். லிண்ட்ஹோம் கவனிக்கவில்லை.

கடைசியாகக் காலியாகக் கிடந்த ஓர் ஆலைக் கொட்டகை. கூரை குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது. வேனை வாசலை ஒட்டி நிறுத்தி அணைத்துவிட்டு உள்ளே கூட்டிப்போய்த் தளத்தையும் மின் இணைப்பையும் காட்டினார் அம்மாள். லிண்ட்ஹோம் கை கழுவப் போனார். உள்ளேயிருந்து ஓர் அலறல் வந்தது.

மெஹிகாலியில் பிறந்தவர்கள் யாரும் கோடையில் குளிர்நீருக்கான நீலக் குழாயைத் தொட மாட்டார்கள். தண்ணீர்க் குழாய்கள் பூமிக்குள் வெந்து கிடக்கும். எல்லா வீட்டிலும் வெந்நீர்க் கொதிகலனை அணைத்துவிட்டு, நிழலில் நிற்கும் அதன் தொட்டியில் ஆறிய தண்ணீரைச் சிவப்புக் குழாய் வழியாகப் பிடித்துக் குளிப்பார்கள். சளி பிடித்தால் துடைத்துக்கொள் என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா? அப்படித்தான் இதுவும். எத்தனையோ மறைக்கத் தெரிந்த அம்மாளுக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை.

சிவந்த கைகளை உதறியபடி வந்தார் லிண்ட்ஹோம். "குளிர்ந்த தண்ணீர்க் குழாயில் கொதிக்கிறது! கொதிகலன் எங்கே?"

"அது அணைச்சுத்தான்..." அம்மாள் நிறுத்திக்கொண்டார். கொதிக்கவைத்தது கொதிகலன் அல்ல, வெயில்தான் என்பது வெளிவந்துவிட்டது.

லிண்ட்ஹோம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று நடந்து சரக்குக் கதவைத் தள்ளித் திறந்து வெளியே போய்விட்டார்.

"ஐயோ, வேணாம் சென்யோர்! வெளிச்சம்! வெளிச்சம்!" என்று குடையோடு பின்னால் ஓடினார் தென்சா அம்மாள். போச்சு, வேன் போச்சு.

லிண்ட்ஹோமோ வெட்டவெளியில் நின்று, கிடந்த பழைய மரப்பலகை ஒன்றில் பையிலிருந்த ஈரம் அளக்கும் கருவியின் இரண்டு ஊசிகளைக் குத்தினார். அளவுமுள் அசையவில்லை. கருவியைத் தட்டிவிட்டு மறுபடி குத்தினார். அப்போதும் அசையவில்லை.

"இங்கே மழை எப்போது பெய்யும்?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "மழையா? என் கல்யாணத்தன்னைக்குத் தூறுச்சு. அதை இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க."

"வெப்பம்?"

"சொன்னா திட்டுவீங்க. இதெல்லாம் ஒண்ணுமில்ல, ஜூலையில வந்திருந்தீங்கன்னா நானே உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன்."

லிண்ட்ஹோமின் முகத்தில் ஏதோ இளகியது. தன் ஊரில் பாதி வருஷம் எரிவாயுவை எரித்துத்தான் மரத்தைக் காயவைப்பதாகச் சொன்னார். திஹுவானாவில் கடல்காற்று, ஈரம், பெட்டியின் மூடி உப்பிக்கொள்ளும். "எங்கள் தொழிலில் மூடி சரியாக மூட வேண்டும், அம்மா."

"அப்படி என்ன பெட்டி அது?"

"சவப்பெட்டி."

தென்சா அம்மாள் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார். போட்ட கை இறங்குவதற்குள் வாய் முந்திக்கொண்டது. "நல்ல தொழில்தான் சென்யோர். வாங்கினவன் திரும்பி வந்து குறை சொல்ல மாட்டான்."

லிண்ட்ஹோம் சிரித்தார். பல்லெல்லாம் தெரிய, வெயிலில் நின்று சிரித்தார். இவானிடம் தானே பேசிவிடுவதாகவும், அந்தக் கொட்டகை தனக்குத்தான் என்றும் சொன்னார்.

வேனுக்குத் திரும்பினால் உள்ளே உலை. சூயிங்கம் உருகி, மாதா வழுக்கிக் கீழே தரைவிரிப்பில் கிடந்தார். எஞ்சினைப் போட்டதும் நாற்பத்தெட்டு என்று எண் பளிச்சென்று எரிந்தது. அம்மாள் மறைக்கவில்லை. "நல்லாப் பாத்துக்கோங்க சென்யோர், ஒரு புள்ளி குறையல!" என்று ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டு, எதிரே வந்த வண்டிகளுக்கு ஹாரன் அடித்துக்கொண்டே ஹோட்டல்வரை ஓட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக, வழியெல்லாம் வெயிலைப் பற்றியே பேசினார்.

லிண்ட்ஹோமை இறக்கிவிட்டதும் இவானிடமிருந்து போன்.

"தென்சா அம்மா, அவர் பேசினார்! என்ன மந்திரம் போட்டீங்க?"

"மந்திரமா? உண்மையைச் சொன்னேன் மகனே. வெயிலைக் காட்டினேன், விழுந்துட்டார்."

"வேனை யாரும் தொட மாட்டாங்க. கேளுங்க, வியாழக்கிழமை அடுத்த ஆள் வர்றார். நீங்கதான் வேணும்."

"வரட்டும். இனிமே எதையும் மறைக்கிறதா இல்ல. என்ன தொழில் அவருக்கு?"

"மெழுகுவர்த்தி."

அம்மாள் போனை வைத்தார். குனிந்து மாதாவை எடுத்துப் பாவாடையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சூயிங்கம் டப்பாவைத் திறந்து, இந்த முறை இரண்டாக எடுத்து வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார்.